சருகுக்கு ஒரு கிழமை

மாசி, பங்குனி மாதங்களில் வேம்பும் அரசும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிர்விடத் தொடங்குகின்றன. காலையில் வாசலைப் பெருக்கி அள்ளிய அளவுக்குச் சருகு மாலைக்குள் மீண்டும் விழுந்து கிடக்கும். அதைக் கூட்டி மதிலோரம் குவித்து வைப்பார்கள். மறுநாள் குப்பை வண்டி வரும். சமையலறைக் குப்பையை வாங்கிக்கொள்ளும். சருகுக் குவியலைத் தாண்டிப் போய்விடும். இரண்டு மூன்று நாள்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழிப்பார். சிறிது நேரத்தில் தெரு முழுவதும் புகை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது.

தீ வைத்தவர் சட்டத்தை மீறியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர் சட்டப்படி நடக்க விரும்பியிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், நமது நகரங்களின் குப்பை மேலாண்மையில் உள்ள அடிப்படைக் குறை புலப்படும்.

திடக்கழிவு குறித்த விதிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அல்மித்ரா படேல் 1996-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு உபயோக அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியது ஒவ்வொரு வீட்டின் கடமை ஆயிற்று. இப்போது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அதையே ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காக விரித்துள்ளன.

தோட்டக் கழிவைப் பற்றி 2016-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே பேசின. இலை, தழை, கிளை போன்றவை சேரச் சேர அவற்றைத் தம் வளாகத்துக்குள் தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி அமைப்பு அவ்வப்போது தரும் அறிவுறுத்தலின்படி அகற்ற வேண்டும் என்பது குடியிருப்போரின் கடமை. தெருவில் எறிவதற்கும் எரிப்பதற்கும் புதைப்பதற்கும் தடை. மறுபுறம், தோட்டக் கழிவையும் பூங்காக் கழிவையும் தனியாகச் சேகரித்து, இயன்றவரை பூங்காக்களிலேயே பதப்படுத்த வேண்டும் என்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. வீட்டுக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று என இரு கடமைகளும் இணையாக வைக்கப்பட்டிருந்தன.

இந்த இரண்டையும் இணைக்கும் ஆணி, 'உள்ளாட்சி தரும் அறிவுறுத்தலின்படி' என்ற சொற்றொடர்தான். பெரும்பாலான ஊர்களில் கழன்று கிடப்பதும் அந்த ஆணியே. சருகை எடுக்க வண்டி எந்தக் கிழமை வரும்? சாக்கில் கட்டி வைக்க வேண்டுமா, கூடையில் வைக்கலாமா? தென்னை மட்டையை எத்தனை அடி நீளத்துக்கு வெட்டித் தர வேண்டும்? முருங்கைக் கிளை முறிந்து விழுந்தால் யாரிடம் சொல்வது? இந்த எளிய கேள்விகளுக்கு விடை தெரிந்த குடும்பங்கள் ஒரு தெருவில் எத்தனை இருக்கும்? கிழமையும் நேரமும் அளவும் குறிப்பிடாத விதி, அறிவுரையாகத்தான் எஞ்சி நிற்கும்.

அதன் விளைவாகச் சருகுக்கு மூன்று கதிகளே வாய்க்கின்றன. ஒன்று, தெருமுனையில் எரிகிறது. மெதுவாகப் புகைந்து எரியும் ஈரச் சருகு, நுரையீரலுக்குள் ஆழமாக இறங்கும் நுண்துகள்களை வெளியிடுகிறது. குவியலுக்குள் ஒரு நெகிழிப்பை சிக்கியிருந்தாலும் அந்தப் புகை நஞ்சாகிவிடும். இரண்டு, மழைநீர் வடிகாலில் போய் அடைகிறது. ஐப்பசியில் தெருவில் தண்ணீர் தேங்கும்போதுதான் அது நமக்கு நினைவுக்கு வருகிறது. மூன்று, மற்றக் குப்பையோடு கலந்து கிடங்குக்குப் போகிறது.

இந்த மூன்றாவது கதியின் விலையைச் சென்னை நன்கு அறியும். 200 வார்டுகள் கொண்ட அந்த மாநகரில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் பல பத்தாண்டுகளாக அந்தச் சுமையைத் தாங்கி வந்திருக்கின்றன. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மீது. அதே சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலக முக்கியத்துவம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, சுற்றுப்புறக் குடியிருப்புகளைப் புகையில் மூழ்கடித்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரமும், 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூரும் எரிந்தன.

மண்ணுக்குள் போனால் உரமாகும் பொருள் கிடங்கில் ஏன் தீக்கு இரையாகிறது? காற்றுப் புகாத குவியலின் ஆழத்தில் மக்கும் பொருள் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், புவியை வெப்பப்படுத்துவதில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு ஆற்றல் கொண்டது. இருக்கும் மலைகளைக் கரைக்கக் கோடிக்கணக்கில் செலவிட்டு 'பயோமைனிங்' நடத்துகிறோம். மறுபுறம் கலந்த குப்பையை அனுப்பிப் புதிய மலைக்கு அடித்தளம் இடுகிறோம். ஒரு கையால் தோண்டி, மறுகையால் நிரப்பும் வேலை இது.

சருகு என்ற எளிய பொருளுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். குப்பை உரமாக வேண்டுமானால் அதில் கார்பனும் நைட்ரஜனும் ஒரு விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்பது பொதுக் கணக்கு. காய்கறித் தோலும் மீந்த சோறும் நிறைந்த நம் சமையலறைக் கழிவில் நீரும் நைட்ரஜனும் மிகுதி, கார்பன் குறைவு. அதனால்தான் தனியாக வைத்தால் நீர்விட்டு, நாறி, புழு வைக்கிறது. சருகில் கார்பன் மிகுதி, ஈரம் இல்லை. இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டால் சருகு நீரை உறிஞ்சிக்கொள்கிறது, இடையிடையே காற்றுக்கு வழிவிடுகிறது, நாற்றம் அடங்குகிறது, சில வாரங்களில் கருமையான, மண்வாசனையுள்ள உரம் கிடைக்கிறது.

பல இடங்களில் நுண் உர மையங்கள் நாற்றத்தின் காரணமாக அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்புக்கு ஆளாகின்றன. ஒரு மையத்தில் சருகு இல்லாமல் சமையலறைக் கழிவு நாறிக்கொண்டிருக்க, இரண்டு தெரு தள்ளி அதற்குத் தேவையான சருகை எரித்துக்கொண்டிருக்கிறோம். உரம் செய்வதற்குத் தேவையான பாதிப் பொருளைத் தீயிட்டுவிட்டு, மீதிப் பாதி ஏன் உரமாகவில்லை என்று வியப்பதில் பொருளில்லை.

நம் முன்னோர்க்கு இது தெரியாத செய்தியன்று. உழவர் பேச்சில் 'குப்பை' என்றாலே எரு என்றுதான் பொருள். கோடை உழவுக்கு முன் எருக்குழியைக் கிளறி, மாட்டு வண்டியில் ஏற்றி வயலில் கொண்டுபோய்க் கொட்டுவதைக் 'குப்பை அடிப்பது' என்றார்கள். சாணம், சாம்பல், வைக்கோல், சருகு, அடுக்களைக் கழிவு எல்லாம் ஒரே குழியில் சேர்ந்து அடுத்த விளைச்சலுக்கு உணவாயின. நெகிழியும் கண்ணாடியும் அதற்குள் வந்து கலந்த பிறகுதான், செல்வமாக இருந்த அந்தச் சொல் இழிவானதாக மாறியது. தோட்டக் கழிவைத் தனியே காப்பதென்பது, அந்தச் சொல்லுக்கு அதன் பழைய பொருளை ஓரளவு மீட்டுத் தருவதாகும்.

பிற நாடுகள் இதை எப்படிச் சாதித்தன? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தோட்டக் கழிவைக் கிடங்குகளில் கொட்ட 1990-இலேயே தடை விதித்தது. விஸ்கான்சின் 1993-இல் அதைப் பின்பற்றியது. தடையோடு அவர்கள் நிற்கவில்லை. அங்குள்ள நகராட்சிகளின் விதிக் குறிப்பைப் படித்தால், அது சட்டநூல் போலிராது. பால்காரரின் கணக்குப் போலத் துல்லியமாக இருக்கும். எந்தப் பகுதிக்கு எந்தக் கிழமை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இலை என்றால் தாள்பையில், கிளை என்றால் இத்தனை அடி நீளத்துக்கு வெட்டிக் கயிற்றால் கட்டி என்று எழுதியிருக்கும். ஜப்பானிய நகரங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் குப்பை நாள்காட்டியே தரப்படுகிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் அந்தத் தாள்தான் அங்கே விதி.

அவர்கள் பொறுப்பு மிக்கவர்கள், நம் மக்கள் அப்படியில்லை என்று பேசுவது எளிது, ஆனால், உண்மையன்று. பழைய செய்தித்தாளையும் பால் உறையையும் பாட்டிலையும் மாதக்கணக்கில் பிரித்து வைத்து, பழைய தாள் வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பிரித்து வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. பிரித்து வைத்தது பிரித்தபடியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கைதான் குறைவு. இரண்டு வாளிகளில் கவனமாகப் போட்டு வைத்த குப்பை, கண்ணெதிரில் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை பார்த்தால் போதும்; அந்த வீட்டில் மறுநாள் முதல் ஒரே வாளிதான் இருக்கும். விழிப்புணர்வுப் பதாகைகள் பல செய்ததை அந்த ஒரு நொடி அழித்துவிடும்.

எனவே, குப்பை விதியின் உண்மையான வாசகம் அரசிதழில் இல்லை. தெருவுக்கு வரும் வண்டியின் அறைகளிலும், அது வரும் நேரத்திலும்தான் இருக்கிறது. சருகு இதற்கு மிகச் சரியான சோதனைக் களம். அது நாறுவதில்லை. ஒரு வாரம் வைத்திருந்தாலும் கெடுவதில்லை. பிரிப்பதற்குத் தனித் திறமை வேண்டியதில்லை. எந்த மாதத்தில் மிகுதியாக வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். இத்தனை எளிய கழிவையே ஒரு நகரத்தால் தனியாகச் சேகரிக்க முடியவில்லை என்றால், சானிட்டரி நாப்கினையும் காலாவதியான மாத்திரையையும் பழைய பேட்டரியையும் தனித்தனியே சேகரிக்கும் என்று எப்படி நம்புவது?

முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. வீடுகளில் பயனற்றுக் கிடக்கும் சோபா, மெத்தை, பழைய துணி போன்றவற்றைச் சனிக்கிழமைதோறும் நேரில் வந்து எடுத்துச் செல்லும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. போகிக்கு முன்பு பழைய துணியையும் டயரையும் எரிக்காமல் ஒப்படைக்குமாறு கேட்டுப் பெற்றுக்கொள்வதும் நடக்கிறது. கொடுப்பதற்கு ஒரு நாளும் ஓர் ஆளும் இருந்தால் மக்கள் கொடுக்கிறார்கள். மெத்தைக்கு ஒரு கிழமை கண்ட நிர்வாகத்துக்குச் சருகுக்கு ஒரு கிழமை காண்பது கடினமாக இராது.

செய்ய வேண்டியவை எளியவையே. ஒவ்வொரு வார்டுக்கும் வாரத்தில் ஒரு கிழமையைத் தோட்டக் கழிவுக்கென ஒதுக்கி, அன்று வரும் வண்டி வேறெதையும் ஏற்றக் கூடாது என்று வரையறுக்க வேண்டும். உதிர்காலமான மாசி, பங்குனியில் அதை வாரம் இருமுறையாக்கலாம். ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் மறுநாள் வாழைக்கன்று, கரும்புத் தோகை, மாவிலைத் தோரணம் ஆகியவற்றுக்குத் தனி நடை விடலாம். சருகைத் திருப்பித் தரக்கூடிய சாக்கில் வாங்க வேண்டும். நெகிழிப்பையில் கட்டினால் மொத்த முயற்சியும் பாழாகும். கிளையும் மட்டையும் ஒரே ஆள் தூக்கக்கூடிய நீளத்தில், கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே தாளில், தெருவின் பெயரோடும் கிழமையோடும் அச்சிட்டு வீடுதோறும் கொடுத்துவிட வேண்டும்.

சேர்ந்த சருகைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. வார்டுப் பூங்காவின் ஒரு மூலையில் கம்பிவலைக் கூண்டு அமைத்தால் போதும். அங்கேயே மக்கி அந்தப் பூங்காவின் செடிகளுக்கே உரமாகும். மிஞ்சுவது நுண் உர மையங்களுக்குப் போகலாம். கிளைகளைத் தூளாக்கும் இயந்திரம் மண்டலத்துக்கு ஒன்றாவது வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீழ்த்திய மரங்கள் சென்னைத் தெருக்களில் குவிந்து கிடந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த இயந்திரத்தின் தேவை விளங்கும். உரமானதில் ஒரு பகுதியைச் சருகு தந்த வீடுகளுக்கே திருப்பித் தரலாம். தான் கொடுத்த குப்பை உரமாகித் தன் துளசி மாடத்துக்கே திரும்பி வருவதைக் காணும் குடும்பத்துக்கு வேறு விழிப்புணர்வு தேவைப்படாது.

இதில் மறக்கக் கூடாத ஒரு தரப்பு, தூய்மைப் பணியாளர்கள். கூடுதல் கிழமை என்பது கூடுதல் உழைப்பு. அதை இப்போதுள்ள ஆள்களின் தலையிலேயே ஏற்றினால் சருகு மீண்டும் கலந்த குப்பையாகத்தான் போகும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்து போராடியதை இம்மாநிலம் கண்டது. பணியை யார் நடத்தினாலும் ஒன்று உறுதி. ஏற்றிய எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் அமைந்தால், கலந்து ஏற்றுவதே ஆதாயம் ஆகிவிடும். பிரித்து ஒப்படைத்த அளவுக்கே பணம் என்றிருந்தால்தான் பிரிப்பதற்கு மதிப்பு இருக்கும். மேலும், கலந்த குப்பையைக் கிளறும் கைகளை உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிழிக்கின்றன. நாம் பிரித்துத் தருவதன் முதல் பயன் சுற்றுச்சூழலுக்கு முன்பாக அந்தக் கைகளுக்கே சேரும்.

அபராதத்துக்கும் இதில் இடமுண்டு. பொது இடத்தில் குப்பை கொட்டுவோருக்கான அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-இல் 5,000 ரூபாயாக உயர்த்தியது. தண்டனை தேவைதான், ஆனால், அதற்கு முறை உண்டு. முதலில் வண்டி தவறாமல் வர வேண்டும். பிறகு விதி எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதன் பிறகும் எரிப்பவரிடமோ, பக்கத்து மனையில் வீசுபவரிடமோ பாய வேண்டியது அபராதம். வழியைத் திறந்துவைக்காமல் வாசலில் காவல் நிற்பது நியாயமாகாது.

குடியிருப்போரும் தம் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. உதிரும் இலை தொல்லை என்று மரத்தையே வெட்டிவிட்டு முற்றத்தைச் சிமெண்டால் பூசும் வழக்கம் பரவி வருகிறது. மொட்டைமாடித் தொட்டியிலோ கொல்லையிலோ நான்கடி இடம் உள்ளவர் தம் சருகைத் தாமே மக்க வைக்கலாம். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தம் ஈரக் கழிவைத் தம் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்பதை விதிகள் வலியுறுத்துகின்றன; அவர்களுக்குச் சருகு சுமையாகாது, துணையாகும்.

இன்று நம் வாசலில் ஏற்றப்படும் கலந்த குப்பை எங்கோ மறைந்துவிடுவதில்லை. அது கொடுங்கையூரில் ஒரு வீட்டின் சன்னலுக்கு எதிரே போய் இறங்குகிறது. அங்கே எரிஉலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். எரிக்கலாமா, புதைக்கலாமா என்ற அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், எரிக்கவோ புதைக்கவோ வேண்டியதன் அளவைக் குறைப்பது நம் எல்லோர் கையிலும் உள்ளது. அதற்கு மிக எளிய தொடக்கம், காலடியில் கிடக்கும் சருகு.

அடுத்த மாசியிலும் வேம்பு உதிர்க்கும். அதற்குள் நம் ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கிழமையைச் சொல்லிவிட முடியும். அந்தக் கிழமையில் வண்டி வந்து நிற்குமானால், தீக்குச்சிக்கு வேலை இராது.